13 கிலோவாட், 96 யூனிட்: ஒரு தண்ணீர்ப் பந்தலின் மின்கணக்கு

மலேசியாவின் பினாங்கில் தைப்பூசக் காலத்தில் தண்ணீர்மலை அடிவாரத்தை நோக்கிச் செல்லும் சாலைகளின் இருபுறமும் தண்ணீர்ப் பந்தல்கள் எழும்பிவிடும். மோர், மைலோ, தேநீர், அன்னதானம் என்று ஒவ்வொன்றின் முன்னும் கூட்டம் நிற்கும். ஒலிபெருக்கியும் விளக்கலங்காரமும் இல்லாத பந்தல் அபூர்வம். இவற்றுக்கான மின்சாரம் பல பந்தல்களில் வாடகை ஜெனரேட்டரிலிருந்தே வருகிறது. அப்படிப்பட்ட பந்தல் ஒன்றில் மின்சாரம் அறுந்ததையும், அதன் பிறகு மின்சாரம் படிக்காத ஒரு குழுவுக்கு வாட்டும் கிலோவாட் மணியும் விளக்கப்பட்ட விதத்தையும் இந்த ஆய்வு விவரிக்கிறது. பந்தலின் பெயரும் ஜெனரேட்டர் கொடுத்த நிறுவனத்தின் பெயரும் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன. நிறுவனத்தின் மீது குற்றம் ஏதுமில்லை என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் அது தெரிவதற்குள் அவர்கள் போதுமான அளவு திட்டு வாங்கியிருந்தார்கள்.

குழுவின் பொருளாளர் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். சமையல் பொறுப்பு இரண்டு அக்காமார்களிடம் இருந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையொன்றின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்யும் ஒரு தம்பியையும் என்னையும் விட்டால், மின்சாரத்தை முறையாகப் படித்தவர்கள் அங்கே யாரும் இல்லை. பிளக்கைச் செருகினால் வேலை செய்ய வேண்டும் என்பதே மற்றவர்களின் எதிர்பார்ப்பு, அது நியாயமான எதிர்பார்ப்பும்தான்.

நடந்தது

வாடகைக்கு எடுத்திருந்தது 20 கேவிஏ (ஜெனரேட்டரின் அளவைச் சொல்லும் அலகு), மூன்று பேஸ் டீசல் ஜெனரேட்டர். பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து காலையில் புறப்பட்ட வெள்ளி ரதம் அன்றிரவு நெருங்கி வந்துகொண்டிருந்த நேரத்தில் பந்தல் முழுவதும் இருண்டது. எஞ்சின் மட்டும் எப்போதும்போல் ஓடிக்கொண்டிருந்தது. குழப்பத்துக்கு முக்கியக் காரணமே அதுதான். எஞ்சின் நின்றிருந்தால் டீசல் தீர்ந்தது என்று எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்திருப்பார்கள். ஓடும் எஞ்சினுக்கும் எரியாத விளக்குக்கும் நடுவே ஆளுக்கொரு விளக்கம் முளைத்தது.

டீசல் குறைந்ததால் ஜெனரேட்டருக்கு வலு போதவில்லை என்று ஒருவர் டீசல் ஊற்றினார். பிள்ளைகள் எல்லோரும் போனை சார்ஜில் போட்டிருப்பதுதான் காரணம் என்று ஒரு பெரியவர் எல்லாச் சார்ஜரையும் பிடுங்கினார். ஜெனரேட்டரே பழுது என்று மூன்றாமவர் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். இதற்கிடையில் யாரோ பிரேக்கரை மேலே தள்ள, விளக்கு எரிந்தது. டீசல் ஊற்றியவர் தம்மால் எரிந்தது என்று நம்பினார், சார்ஜரைப் பிடுங்கியவர் தம்மால் என்று நம்பினார், நிறுவனமோ அங்கிருந்தபடியே எதையோ சரிசெய்துவிட்டது என்று தொலைபேசியில் பேசியவர் நம்பினார். மறுநாள் விடியும் முன் மீண்டும் அதேபோல் அறுந்தபோது மூவரும் தத்தம் மருந்தையே மறுபடியும் கொடுத்தார்கள்.

திருவிழா முடிந்து கணக்குப் பார்க்க ஜெலுத்தோங்கில் கூடியபோது, அடுத்த ஆண்டு இருமடங்கு பெரிய 40 கேவிஏ ஜெனரேட்டர் எடுப்பது என்று ஒரு தீர்மானம் முன்வைக்கப்பட்டது. வாடகை எவ்வளவு கூடும், டீசல் எவ்வளவு கூடும் என்று பொருளாளர் கேட்டார். பதில் சொல்ல யாருமில்லாததால் தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டது. ஆய்வு அங்கிருந்து தொடங்கியது.

பொருள்களின் மேல் எழுதியிருந்தவை

ஒவ்வொரு மின்பொருளின் அடியிலோ முதுகிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் வாட் அளவு அச்சிடப்பட்டிருக்கும். பந்தலில் பயன்பட்டவற்றைத் தம்பி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக் குறித்துவந்தார். தண்ணீர் கொதிக்கவைக்கும் பாய்லர் இரண்டு, ஒவ்வொன்றும் 3,000 வாட். பெரிய நின்ற விசிறி ஆறு, ஒவ்வொன்றும் 180 வாட். எல்இடி வெள்ளொளி விளக்கு எட்டு, ஒவ்வொன்றும் 100 வாட். அலங்கார வளைவுக்கு 300, ஐஸ் வைத்திருந்த ஃப்ரீசருக்கு 300. ஒலிபெருக்கியின் பெட்டியில் 2,000 என்று பெருமையாக எழுதியிருந்தது. ஆனால் பாட்டு ஓடும்போது அது சராசரியாக இழுப்பது அதில் சிறு பங்குதான் என்பதால் 400 என்று வைத்துக்கொண்டோம். பட்டியலில் முதலில் இல்லாத இரண்டு பொருள்கள் விசாரித்தபோது வெளிவந்தன. அக்கா ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த 2,200 வாட் கெட்டில் ஒன்று. குழந்தைகளுக்குப் பால் சூடாக்க வைத்திருந்த 2,000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பு மற்றொன்று.

எல்லாவற்றையும் கூட்டினால் 13,080 வாட், அதாவது ஏறத்தாழ 13 கிலோவாட். 20 கேவிஏ ஜெனரேட்டரின் தகட்டில் பவர் ஃபேக்டர், அதாவது கேவிஏயில் எத்தனை பங்கு கிலோவாட்டாகக் கிடைக்கும் என்ற விகிதம், 0.8 என்று இருந்தது; அதன்படி அது 16 கிலோவாட் வரை தரும். 16 தரக்கூடிய இயந்திரம் 13க்கு ஏன் படுத்தது என்ற கேள்வி அப்போது எழுந்தது. ஜெனரேட்டர் பழுது என்ற கட்சிக்கு அது சற்று உற்சாகமும் அளித்தது.

விடை மூன்று பேஸ் என்பதில் இருந்தது. மூன்று பேஸ் ஜெனரேட்டர் தன் திறனை மூன்று வழிகளில் சமமாகப் பிரித்துத் தருகிறது. 20 கேவிஏயை மூன்றாகப் பிரித்து 230 வோல்ட்டால் வகுத்தால் ஒரு பேஸுக்கு 29 ஆம்பியர் கிடைக்கும். பந்தல் போட்டவர்கள் வசதி கருதி சமையல் பக்கத்தை ஒரு பேஸிலும், விளக்கையும் ஒலிபெருக்கியையும் இன்னொன்றிலும், விசிறியையும் ஃப்ரீசரையும் மூன்றாவதிலும் இணைத்திருந்தார்கள். இரண்டு பாய்லர் மட்டும் ஓடும்போது முதல் பேஸில் 26 ஆம்பியர். விளிம்பில் இருந்தாலும் தாங்கியது. அதோடு கெட்டிலும் இன்டக்‌ஷனும் சேர்ந்தபோது அந்த ஒரு பேஸில் 10.2 கிலோவாட், அதாவது 44 ஆம்பியர். மற்ற இரண்டு பேஸ்களும் ஆளுக்கு ஒன்றரைக் கிலோவாட்டுக்கு மேல் போகாமல் ஏறத்தாழச் சும்மா இருந்தன. ஒரு பேஸ் மிகைத்தாலும் மூன்றையும் சேர்த்தே வெட்டும் பிரேக்கர் அது என்பதால் முழுப் பந்தலும் இருண்டது. சில நிமிடங்கள் தாங்கிவிட்டு, சூடேறிய பிறகு வெட்டுவதே இத்தகைய பிரேக்கரின் இயல்பு. எனவே கெட்டிலைப் போட்ட கணத்துக்கும் விளக்கு அணைந்த கணத்துக்கும் உள்ள தொடர்பு யார் கண்ணிலும் படவில்லை. மறுபடி பிரேக்கரைத் தள்ளியபோது கெட்டில் கையில் எடுக்கப்பட்டுவிட்டதால், எந்த மருந்தைக் கொடுத்திருந்தாலும் பலித்திருக்கும்.

இன்னொரு தடயமும் இருந்தது. கெட்டிலும் இன்டக்‌ஷனும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகப்பட்டிருந்தன. இரண்டுக்கும் சேர்த்து 18 ஆம்பியர். நம் நாட்டு மூன்று கால் பிளக்கின் எல்லை 13 ஆம்பியர். அந்த எக்ஸ்டென்ஷனின் பிளக்கைத் திருப்பிப் பார்த்தால், ஒரு காலைச் சுற்றியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் தேநீர் நிறத்துக்கு மாறி, விளிம்பில் இலேசாக உருகியிருந்தது. உள்ளிருந்த ஃபியூஸ் எரியவில்லை. எல்லையை ஓரளவே மீறும் மின்னோட்டத்தில் ஃபியூஸ் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். அதற்குள் பிளக் வெந்துவிடும். விளக்கு அணைந்ததை எல்லோரும் பெரிதாகப் பேசினார்கள், என் மனத்தில் நின்றது அந்தப் பிளக்தான்.

கூட்டத்தில்

இந்தக் கணக்கைக் குழுவிடம் சொல்ல வேண்டியிருந்தது. தம்பி வெண்பலகையில் வோல்ட், ஆம்பியர், ஓம், வாட் என்று வரிசையாக எழுதி வரையறை சொல்லத் தொடங்கினார். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. ஆயினும் மூன்றாவது வரிக்குள் அக்காமார்கள் அடுத்த ஆண்டு வடைக்கு எவ்வளவு பருப்பு என்ற பேச்சுக்குப் போய்விட்டார்கள். பொருளாளர் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "தம்பி, இதுல எதுக்கு நான் காசு கட்டணும், அதை மட்டும் சொல்லு," என்றார்.

வெண்பலகையின் வரிசையைவிட அந்தக் கேள்வி நல்ல தொடக்கமாக அமைந்தது. குழுவுக்கு இரண்டு செலவுகள் இருந்தன. ஜெனரேட்டர் வாடகை அதன் அளவைப் பொறுத்தது. அந்த அளவைத் தீர்மானிப்பது ஒரே நேரத்தில் எத்தனை பொருள் ஓடுகிறது என்பது. டீசல் செலவைத் தீர்மானிப்பது திருவிழா முடியும்வரை மொத்தமாக எவ்வளவு செலவாயிற்று என்பது. முன்னது திறன், அதன் அலகு வாட். பின்னது ஆற்றல், அதன் அலகு கிலோவாட் மணி, வழக்கில் யூனிட். மின்சாரத்தைப் பற்றிப் பொதுமக்கள் எடுக்க வேண்டிய முடிவுகள் ஏறத்தாழ எல்லாமே இந்த இரண்டில் ஒன்றில் அடங்கிவிடுகின்றன என்பது என் கருத்து. வரையறையிலிருந்து முடிவுக்கு வருவதைவிட, எடுக்க வேண்டிய முடிவிலிருந்து அலகுக்குச் செல்வதே பாமரர்களுக்கு ஏற்ற வழி.

கெட்டிலை அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. "அஞ்சு நிமிஷம்கூட ஓடாத சாமானையா சொல்றீங்க? அந்த ஃப்ரீசர் ராத்திரி பகலா ஓடுதே, அதைக் கேளுங்க," என்றார். அவர் வாதம் தவறு என்று ஒதுக்கிவிட முடியாது. டீசல் கணக்கில் அவர் சொன்னது முழுக்கச் சரி, பிரேக்கர் கணக்கில் முழுக்கத் தவறு. சுவரில் செருகி அதில் பொருளைச் செருகும் சிறிய அளவி ஒன்று தம்பியிடம் இருந்தது; வாட்டையும் கிலோவாட் மணியையும் மாற்றி மாற்றிக் காட்டும். அதில் கெட்டிலைச் செருகினோம். சுவிட்சைத் தட்டியதுமே வாட் எண் 2,100க்கு மேல் தாவி அங்கேயே நின்றது. பொத்தானை அழுத்தி மறு எண்ணைப் பார்த்தால் 0.00. அது 0.01 ஆவதற்கே பொழுது பிடித்தது. தண்ணீர் கொதித்து கெட்டில் தானாக அணைந்தபோது 0.15இல் நின்றது. பிறகு அதே அளவியில் பந்தலின் விசிறி ஒன்றைச் செருகி ஓடவிட்டுக் கூட்டத்தைத் தொடர்ந்தோம். 180 வாட் எண்ணைப் பார்த்து யாரும் மதிக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துக் கூட்டம் கலையும்போது அக்காவே எழுந்து போய்ப் பொத்தானை அழுத்திப் பார்த்தார், 0.36. கெட்டிலைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

பொருளாளர் தம் பாஷையில் அதைப் பிடித்துக்கொண்டார்: வாட் என்பது ஸ்பீடோமீட்டர் முள், யூனிட் என்பது ஓடிய கிலோமீட்டர். ஒப்புமை நல்லதுதான், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. வேகத்தை மணிக்கு இத்தனை என்று சொல்லிப் பழகியவர்கள் வாட்டுக்கும் ஒரு மணியைச் சேர்த்துவிடுகிறார்கள். அன்று எழுதிய குறிப்பிலேயே "விசிறி மணிக்கு 180 வாட்" என்று வந்திருந்தது. வாட்டுக்குள் நேரம் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது: ஒரு வாட் என்றால் நொடிக்கு ஒரு ஜூல். மணிக்கு 180 வாட் என்பது மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தை மறுபடியும் மணியால் வகுப்பதற்குச் சமம். மாறாக, கிலோவாட் மணியில் நேரம் பெருக்கப்படுகிறது. நொடிக்கு 1,000 ஜூல் என்ற விகிதத்தில் 3,600 நொடி ஓடினால் 36 லட்சம் ஜூல், அதுவே ஒரு யூனிட். வகுத்தல் எது, பெருக்கல் எது என்று ஒருமுறை தெளிந்துவிட்டால் "கிலோவாட் மணி" என்ற பெயரே கணக்கைச் சொல்லிக்கொடுத்துவிடும்.

டீசல்

ஒரு முழு நாளுக்கான ஆற்றலை அதன் பிறகு எல்லோரும் சேர்ந்தே கணக்கிட்டோம். பாய்லர்கள் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிட்டு அணைந்து அணைந்து எரிபவை. நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் எரிந்தன என்று கொண்டால் இரண்டுக்கும் சேர்த்து 48 யூனிட். விசிறிகள் 20 மணி நேரத்துக்கு 21.6. விளக்கும் வளைவும் 12 மணி நேரத்துக்கு 13.2. ஒலிபெருக்கிக்கு 4.8, ஃப்ரீசர் பாதி நேரம் ஓடியதற்கு 3.6. கெட்டிலை 20 முறை கொதிக்கவைத்திருந்தாலும் 3 யூனிட்தான். இன்டக்‌ஷன் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு 2. மொத்தம் 96 யூனிட் சொச்சம்.

கெட்டிலும் இன்டக்‌ஷனும் சேர்ந்து உச்சத் திறனில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டன, ஆற்றலிலோ அவற்றின் பங்கு நூற்றுக்கு ஐந்து. போன் சார்ஜ் விவகாரமும் அன்றே தீர்ந்தது. ஒரு போனின் பேட்டரி ஏறத்தாழ 20 வாட் மணி கொள்ளும். 20 போன்களை முழுமையாக சார்ஜ் செய்தாலும் அரை யூனிட்டைத் தாண்டாது. சார்ஜரைப் பிடுங்கிய பெரியவர் அதை ஏற்றுக்கொண்டார், ஆனால் பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டு வேலை செய்யாமல் நிற்பது வேறு விஷயம் என்றும் சொல்லிவைத்தார்.

96 யூனிட்டை 24 மணியால் வகுத்தால் சராசரி 4 கிலோவாட். 16 கிலோவாட் ஜெனரேட்டர் கால் பங்கு சுமையில்தான் பெரும்பாலும் ஓடியிருக்கிறது. ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 யூனிட் வெப்ப ஆற்றல் இருக்கிறது. சிறிய ஜெனரேட்டர் நல்ல சுமையில் அதில் 3 யூனிட்டை மின்சாரமாகத் தரும், இலேசான சுமையில் இன்னும் குறைவாகத் தரும். ஆகவே நாளொன்றுக்கு 32 முதல் 40 லிட்டர் வரை என்று மதிப்பிட்டோம். 40 கேவிஏ எடுத்திருந்தால் அதே 4 கிலோவாட்டுக்கு எட்டில் ஒரு பங்கு சுமையில் அந்தப் பெரிய எஞ்சின் ஓடியிருக்கும். வாடகையும் கூடும், தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளவே கூடுதல் டீசலும் எரியும்; நெடுநேரம் இப்படி வெறுமையாக ஓடும் டீசல் எஞ்சினில் சரியாக எரியாத எரிபொருள் புகைவழியில் கரியாகவும் பிசுக்காகவும் படியும். டீசலை ஊற்றினால் வலு கூடும் என்ற நம்பிக்கையும் இந்த இடத்தில் கழன்றது: தொட்டி நிறைந்திருந்தாலும் பாதியாக இருந்தாலும் ஒரு பேஸின் எல்லை அதே 29 ஆம்பியர்தான்.

வீட்டுப் பில்

பேச்சு எப்படியும் வீட்டுக்குத் திரும்பும் என்று எதிர்பார்த்தோம், திரும்பியது. தண்ணீர் ஹீட்டரின் வயர் அவ்வளவு தடிமனாக இருக்கிறதே, அதுதான் பில்லை ஏற்றுகிறதா என்று இன்னொரு அக்கா கேட்டார். 3.6 கிலோவாட் ஹீட்டர் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 13 ஆம்பியர் பிளக்கில் அதை மாட்ட முடியாது, அதனால்தான் தனி வயர். வயரின் தடிமன் திறனைச் சொல்கிறது, பில்லைச் சொல்வதில்லை. பத்து நிமிடக் குளியலுக்கு 0.6 யூனிட். 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த வீட்டுக் கட்டண அமைப்பில், மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு ஆற்றலுக்கு 27.03 சென், கொள்ளளவுக்கு 4.55 சென், வலையமைப்புக்கு 12.85 சென், ஆக யூனிட்டுக்கு 44.43 சென் என்று பிரித்துப் போடப்பட்டது. தள்ளுபடிகளைக் கணக்கில் எடுக்காவிட்டால் அந்தக் குளியல் ஏறத்தாழ 27 சென், ஒரு கெட்டில் தண்ணீர் 7 சென்னுக்கும் குறைவு.

கொள்ளளவுக் கட்டணம் என்ற வரி திறனைப் பற்றியது போலத் தோன்றினாலும் வீட்டுக்கு அதுவும் யூனிட் கணக்கில்தான் வருகிறது. ஒரே நேரத்தில் எத்தனை பொருளைப் போட்டாலும் வீட்டுப் பில் அதற்காகத் தனியே ஏறாது. தம்பி வேலை செய்வதுபோன்ற பெரிய தொழிற்சாலைகளில் அப்படியில்லை. மாதத்தில் எந்த அரை மணி நேரத்தில் சராசரித் திறன் உச்சத்துக்குப் போனதோ, அந்த உச்சத்துக்குக் கிலோவாட் கணக்கில் தனியே கட்ட வேண்டும். அங்கே எல்லா இயந்திரங்களையும் ஒரே வேளையில் முடுக்கக்கூடாது என்பது நிர்வாகத்தின் கட்டளை. பொருளாளரின் இரண்டு செலவுகள் அந்தப் பில்லில் இரண்டு வரிகளாகவே நிற்கின்றன.

ஏர்கோன் பற்றிய கேள்விக்கு மட்டும் சற்று அதிகம் மெனக்கெட வேண்டியிருந்தது. ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்று படித்திருந்த ஒருவர் தம் ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் 746 வாட் இழுக்கிறது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். கடையில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் மணிக்கு 9,000 பிடியூ குளிரூட்டும் ஏர்கோன், அதாவது அறையிலிருந்து ஏறத்தாழ 2,600 வாட் வெப்பத்தை வெளியே தள்ளுவது. அதற்கு அது இழுக்கும் மின்சாரம் எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் மாறும்; தகட்டைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவருடைய எண் உண்மைக்கு அருகில் இருந்தது என்றால் அது தற்செயல்.

மாற்றியமைத்தது

அடுத்த தைப்பூசத்துக்கு அதே 20 கேவிஏதான் எடுக்கப்பட்டது. பதிவு பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்து இணைப்புகள் மாற்றப்பட்டன: ஒரு பேஸில் ஒரு பாய்லரும் விசிறிகளும், இன்னொன்றில் மற்ற பாய்லரும் விளக்குகளும் ஒலிபெருக்கியும், மூன்றாவதில் கெட்டில், இன்டக்‌ஷன், ஃப்ரீசர். எல்லாம் ஒருங்கே ஓடினாலும் எந்தப் பேஸும் 20 ஆம்பியரைத் தாண்டாது. கெட்டிலுக்கும் இன்டக்‌ஷனுக்கும் தனித்தனி பிளக் ஒதுக்கப்பட்டது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் கூட்டம் என்பதால் மின்கசிவைக் கண்டதும் வெட்டும் பாதுகாப்புச் சாதனத்தையும் வயர்மேன் சோதித்துக் கொடுத்தார். ஃப்ரீசர் போன்ற மோட்டார் பொருள்கள் கிளம்பும் கணத்தில் தகட்டில் எழுதியதைவிடப் பல மடங்கு இழுக்கும். அந்தக் கணக்கை அவரிடமே விட்டுவிட்டோம். புதிதாக எந்தப் பொருள் வந்தாலும் தகட்டைப் பார்த்து, வாட்டை 230ஆல் வகுத்து, எழுதிவிட்டுச் செருக வேண்டும் என்று சமையல் மேசையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. விளக்கு அணையவில்லை. டீசல் மதிப்பீட்டின் மேல் விளிம்பை ஒட்டி முடிந்தது.

இப்போது பொருளாளருக்கு வேறொரு யோசனை. 96 யூனிட்டில் 48 பாய்லருக்கே போகிறது என்றால் அதை எரிவாயுவுக்கு மாற்றினால் என்ன என்கிறார். உச்சம் 7 கிலோவாட்டுக்கு இறங்கும், 8 கிலோவாட் தரும் 10 கேவிஏ ஜெனரேட்டரே போதும், டீசலும் பாதியாகும். அப்போது ஒரு பேஸுக்கு 14 ஆம்பியர் சொச்சம்தான் கிடைக்கும் என்பதால் கெட்டிலையும் இன்டக்‌ஷனையும் வேறு வேறு பேஸில் பிரித்தாக வேண்டும் என்பதையும் அவரே கணக்குப் போட்டு எழுதிக்கொண்டுவந்தார். எரிவாயு உருளைகளை அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே கூடுதலாக வைப்பதா என்பதில் அக்காமார்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.